ஏழு நாள் சுற்றுலாப் பயணி: 1945இல் சுவிட்சர்லாந்துக்கு விடுப்பில் சென்ற அமெரிக்கப் படைவீரர்களும் அவர்களுக்கான கையேடுகளும்

1945 ஜூலை இறுதியில், பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள முலூஸ் நகரத்திலிருந்து பாசல் எல்லையை நோக்கி அமெரிக்கப் படைவீரர்கள் அணியணியாகப் புறப்பட்டனர். சீருடை அவர்கள் உடலில் இருந்தது, துப்பாக்கி இல்லை. எல்லைக்கு அப்பால் காத்திருந்த நாடு ஆறு ஆண்டுப் போரில் எவர் பக்கமும் சேராதிருந்த சுவிட்சர்லாந்து. வந்தவர்கள் அந்நாட்டை விடுவிக்கவோ ஆக்கிரமிக்கவோ வரவில்லை. ஏழு நாள் மலையையும் ஏரியையும் பார்த்து, விடுதியில் வெள்ளைத் துணி விரித்த கட்டிலில் உறங்கி, பையில் சிறிது சாக்லேட்டும் மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரமுமாகப் பாசறைக்குத் திரும்ப வந்தனர். தொடர்ந்த மாதங்களில் இவ்வாறு சென்றுவந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அப்போது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 44 லட்சம்தான்.

போர் வரலாற்று நூல்களில் இந்நிகழ்வுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பு அளவே. பண்பாட்டு வரலாற்றைப் பயில்வோருக்கோ இது வளமான ஒரு களம். போரிட்ட படையின் உறுப்பினன் ஒருவனை ஒரே வாரத்துக்குச் சுற்றுலாப் பயணியாக மாற்றுவது எப்படி? அவனிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும்? இக்கேள்விகளுக்கு அக்காலத்து நிர்வாகம் கண்ட விடைகளில் ஒன்று கையேடு. சட்டைப்பையில் அடங்கும் அச்சிதழ்களை வரலாற்றுச் சான்றாக வாசிக்கும் முறையைப் புரிந்துகொள்ள, கையேடு என்னும் வகையின் பின்னணியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1. கையேடு என்னும் வகை

அமெரிக்கப் போர்த்துறை 1942 முதல், தன் வீரர்கள் செல்லவிருந்த நாடுகளுக்கெனச் சிறு கையேடுகளைத் தொடராக வெளியிட்டது. பிரிட்டன், வட ஆப்பிரிக்கா, ஈராக், இந்தியா, சீனா, பிரான்ஸ் எனப் பட்டியல் நீண்டது. அயல்நாட்டைக் கண்டறியாத பண்ணை இளைஞனும் தொழிற்சாலை இளைஞனுமே இவற்றின் வாசகர்கள். ஆகவே நடை எளிமையாகவும் தோழமையோடும் இருந்தது, அறிவுரையோ கறாரானது. பிரிட்டனுக்குச் செல்வோருக்கான 1942ஆம் ஆண்டுக் கையேடு, ஊதியத்தைப் பற்றிப் பெருமையடிக்க வேண்டாம் என்றும், அரசரைக் குறை கூற வேண்டாம் என்றும், ஆங்கிலேயரின் ஒதுக்கத்தைப் பகைமையாக எண்ண வேண்டாம் என்றும் சொன்னது. பிரிட்டனும் இதே வழியில், பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் செல்லும் தன் படைவீரர்களுக்கென 1944இல் கையேடுகளை ஆக்கியது.

இவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் மூன்று உறவுநிலைகள் புலப்படும். முதலாவது, விருந்தாளி: நட்பு நாட்டில் பணிவோடு தங்குபவன். இரண்டாவது, விடுவிப்பவன்: பிரான்சில் வரவேற்கப்படுபவன், ஆயினும் சில மாதங்களில் சலிப்பும் உரசலும் தோன்றுவதைக் காண்பவன். பிரெஞ்சு மக்கள்மீது அமெரிக்க வீரர்கள் அடுக்கிய 112 குறைகளுக்கு வினா விடை வடிவில் மறுமொழி கூறும் நூல் ஒன்றை 1945இல் அமெரிக்க இராணுவமே வெளியிட நேர்ந்தது இந்த உரசலுக்குச் சான்று. மூன்றாவது, வெற்றி கொண்டவன்: 1944இல் வந்த ஜெர்மனிக் கையேட்டில் நட்பு என்ற சொல்லுக்கே இடமில்லை, உள்ளூர் மக்களோடு பழகுவது தடை செய்யப்பட்டிருந்தது. மீறியோருக்கு 65 டாலர் அபராதம் என்பது வீரர்களிடையே கேலிப் பேச்சாகவே வழங்கியது.

சுவிட்சர்லாந்து இம்மூன்றிலும் அடங்காது. அது நட்பு நாடுமன்று, பகை நாடுமன்று. அங்கே செல்லும் வீரன் விருந்தாளியாயினும் இலவச விருந்தாளி இல்லை, கட்டணம் செலுத்தியவன். ஆகவே போர்க்காலக் கையேட்டின் அறிவுரையும் சுற்றுலா அலுவலகத் துண்டறிக்கையின் அழைப்பும் ஒரே தாளில் கலந்தாக வேண்டியிருந்தது. இக்கலப்பே இந்த வகை ஆவணத்தின் தனித்தன்மை.

2. இருவருக்கும் தேவை இருந்தது

1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் ஓய்ந்தபோது அங்கிருந்த அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 30 லட்சம். அனைவரையும் உடனே தாயகம் அனுப்பக் கப்பல்கள் போதவில்லை. பசிபிக் போர் வேறு முடியாதிருந்தது. பணிக்காலம், போர்க்களப் பணி, பதக்கம், குழந்தைகள் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கி, 85 புள்ளி பெற்றோர் முதலில் வீடு திரும்பலாம் என விதி செய்யப்பட்டது. எஞ்சியோர் காத்திருந்தனர். வேலையில்லாத படை எந்தத் தளபதிக்கும் அச்சம் தருவது. 1946 ஜனவரியில் மணிலா, பாரிஸ், பிராங்க்ஃபர்ட் நகரங்களில் வீடு திரும்பக் கோரி வீரர்களே ஆர்ப்பாட்டத்தில் இறங்கினர் என்பதை நினைத்தால், அந்த அச்சம் வெற்று அச்சமன்று என்பது விளங்கும். பிரெஞ்சுக் கடற்கரையும் ஆல்ப்ஸ் மலையும் அந்தக் காத்திருப்பின் வடிகால்களாயின.

சுவிட்சர்லாந்தின் தேவை வேறு வகையானது. 1942 நவம்பர்முதல் 1944 கோடைவரை அந்நாட்டை அச்சு நாடுகளும் அவற்றின் ஆக்கிரமிப்புப் பகுதிகளும் நாற்புறமும் சூழ்ந்திருந்தன. 1944 ஆகஸ்டில் தென் பிரான்சில் தரையிறங்கிய நேசப் படைகள் ஜெனீவா எல்லையை எட்டிய பிறகே முற்றுகை உடைந்தது. உடைந்ததும் பழைய கணக்குகள் கேட்கப்பட்டன: ஜெர்மனியோடு இத்தனை வணிகம் ஏன், இத்தாலிக்குச் செல்லும் மலைக்குடைவு இருப்புப்பாதையில் ஜெர்மனியின் சரக்குகளை ஏன் அனுமதித்தீர்கள், தங்கத்தை ஏன் வாங்கினீர்கள் என்று. சோவியத் ஒன்றியம் தூதரக உறவை ஏற்க மறுத்ததையடுத்து, வெளியுறவுப் பொறுப்பிலிருந்த மார்செல் பிலே-கோலா 1944 நவம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின் 1945 பிப்ரவரியில் பொறுப்பேற்ற மாக்ஸ் பெட்டிபியேர், நடுநிலைமை என்பது ஒதுங்கிநிற்றலன்று, பிறரோடு சேர்ந்து உழைப்பதுமாகும் என்ற கருத்தை உலகுக்கு உணர்த்த முற்பட்டார். அதே மாதம் அமெரிக்கக் குழுவொன்று லாக்லின் கரி தலைமையில் பெர்ன் நகருக்கு வந்து கடும் பேச்சு நடத்தியது; மார்ச் 8இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

இந்தச் சூழலில், ஓர் இளைஞன் ஏழு நாள் தங்கி நல்லெண்ணத்தோடு ஊர் திரும்பி, தன் ஊராரிடம் சுவிட்சர்லாந்தைப் பற்றி நாலு நல்ல சொல் சொல்வானானால், அது தூதரக அறிக்கை எதனாலும் பெற முடியாத பயன். விடுதித் தொழிலின் நலிவும் இதனோடு சேர்ந்தது. முதல் உலகப் போரோடு தொடங்கி 1930களின் பொருளாதாரச் சரிவில் ஆழ்ந்த அத்தொழிலுக்கு, 1939க்குப் பின் அயல்நாட்டு விருந்தினர் ஏறக்குறைய அற்றே போயினர். பல மாடி விடுதிகள் அடைத்துக் கிடந்தன. இன்று சீருடையில் வருபவன் நாளை குடும்பத்தோடு வருவான் என்ற எதிர்பார்ப்பு, கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத மூலதனமாக இருந்தது.

3. சீருடையின் சட்டச் சிக்கல்

நடுநிலை நாட்டின் மண்ணில் போரிடும் நாட்டின் வீரர்கள் நடமாடுவது சட்டப்படி எளிய செய்தியன்று. 1907ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஏற்கப்பட்ட ஐந்தாம் ஒப்பந்தம், போரிடும் நாடுகளின் படைகள் நடுநிலை நாட்டின் வழியே செல்வதைத் தடுக்கிறது. எல்லை தாண்டி வரும் படையினரை, நடுநிலை நாடு போர் முடியும்வரை தடுத்துவைக்க வேண்டும் என்கிறது. சிறையிலிருந்து தப்பி வரும் போர்க்கைதிகளை மட்டும் சுதந்திரமாக விட வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன என்றாலும், முதல் விடுப்புக் குழுக்கள் பாசலுக்குள் நுழைந்த நாளில் அமெரிக்கா ஜப்பானோடு இன்னும் போரிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆயுதமின்மை, முன்கூட்டியே வகுக்கப்பட்ட வழித்தடம், குறித்த நாளில் வெளியேற்றம் ஆகிய நிபந்தனைகளை இப்பின்னணியில் காண வேண்டும். இராணுவம் என்ற உருவிலிருந்து படைவீரனைப் பிரித்தெடுத்து, தனிமனிதப் பயணி என்ற உருவில் ஏற்பதற்கு அவை துணைசெய்தன.

இதிலொரு வரலாற்று முரணும் உண்டு. ஜப்பானில் அமெரிக்க நலன்களைப் பேணும் பொறுப்பைப் போர்க்காலம் முழுவதும் சுமந்த நாடு சுவிட்சர்லாந்தே. 1945 ஆகஸ்ட் 10இல் ஜப்பானின் சரணடைவு முன்மொழிவு வாஷிங்டனை அடைந்தது சுவிஸ் தூதரகத்தின் வழியாகத்தான். போரை முடிக்கும் செய்தி பெர்ன் வழியாகச் சென்ற அதே நாட்களில், அப்போரின் வீரர்கள் சுவிஸ் ஏரிகளில் படகேறிக்கொண்டிருந்தனர்.

ஒரே நாடு சீருடை அணிந்தவரை எத்தனை வகையாக ஏற்றது என்பதையும் இங்கே ஒப்பிட வேண்டும். 1943 முதல் 1945 வரை, சேதமுற்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நூற்றுக்கும் மேல் சுவிட்சர்லாந்தில் இறங்கின. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானப்படையினர் தடுத்துவைக்கப்பட்டனர். அடல்போடன், வெங்கன், டாவோஸ் ஆகிய மலை வாழிடங்களின் வெறுமையான விடுதிகளே அவர்களின் முகாம்கள். தப்பிச்செல்ல முயன்று பிடிபட்டோர் வாவிலர்மூஸ் தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கொடிய நிலைமை நிலவியது; அதன் தலைமை அதிகாரியைப் போருக்குப் பின் சுவிஸ் இராணுவ நீதிமன்றமே தண்டித்தது. அம்முகாமில் வாடியோரில் பலருக்கு அமெரிக்க அரசு போர்க்கைதிப் பதக்கம் வழங்கியது 2014இல்தான். ஆக, சுவிஸ் மலை விடுதி என்பது 1944இல் ஓர் அமெரிக்கனுக்குத் தடுப்பு முகாம். 1945இல் இன்னோர் அமெரிக்கனுக்கு விடுமுறை இல்லம்.

4. எல்லையைக் கடந்த இந்தியர்

மூன்றாம் வகையினருள் இந்தியரும் உண்டு. இந்திய வரலாற்று மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். வட ஆப்பிரிக்கப் போர்க்களங்களில் சிறைப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர்கள் பலர், கிழக்குப் பிரான்சின் எப்பினால் நகரத்து முகாமில் ஜெர்மானியரால் அடைக்கப்பட்டிருந்தனர். 1944 மே 11இல் அமெரிக்க விமானங்கள் அந்நகரின்மீது குண்டு பொழிந்தபோது முகாமின் சுவர்கள் சரிந்தன. கைதிகள் பலர் மாண்டனர். எஞ்சியோரில் பெருந்தொகையினர் தப்பியோடினர். மொழி தெரியாத நாட்டில், பிரெஞ்சுச் சிற்றூர் மக்கள் தந்த ரொட்டியையும் காட்டிய வழியையும் நம்பி நடந்து, ஏறத்தாழ 500 பேர் சுவிஸ் எல்லையை அடைந்தனர். தப்பி வந்த கைதிகள் என்ற தகுதியில் அவர்கள் ஏற்கப்பட்டு, எல்லை திறந்தபின் 1944 இலையுதிர் காலத்தில் நாடு திரும்பும் பயணத்தைத் தொடங்கினர்.

அவர்களுக்கு எந்தக் கையேடும் இருக்கவில்லை. கட்டணமோ, வழித்தடமோ, வரவேற்பு இசைக்குழுவோ இல்லை. அமெரிக்கப் போர்த்துறை இந்தியா வரும் தன் வீரனுக்கு இந்தியாவைப் பற்றி ஒரு கையேடு எழுதியது. ஐரோப்பாவுக்குள் நடந்து சென்ற இந்தியனுக்கு ஐரோப்பாவைப் பற்றி எழுதுவார் எவருமில்லை. யாருக்கு உலகம் விளக்கப்பட வேண்டும் என்று எவர் கருதினர் என்பதைக் கையேடுகளின் இருப்பே காட்டுவது போல, அவற்றின் இன்மையும் காட்டுகிறது.

5. விடுப்பு வீரன் அறிய வேண்டியிருந்தவை

முதல் சிக்கல் மொழி. 1945 ஜூலை நடுப்பகுதிவரை ஜெர்மானியரோடு பொது இடத்தில் பேசுவதுகூடக் குற்றம் என்றிருந்த படைவீரன், பாசலில் இறங்கியவுடன் கேட்பது ஜெர்மானிய மொழியின் ஒரு கிளையை. நேற்றுவரை பகைவனின் ஒலி. இன்று காப்பி கொண்டுவரும் பெண்ணின் ஒலி. மொழி வேறு, நாட்டுரிமை வேறு என்பதை அவனுக்கு உணர்த்தியாக வேண்டும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் ஆகியவற்றோடு ரோமான்ஷையும் 1938ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் வழியே தேசிய மொழியாக ஏற்ற நாடு அது. அந்த வாக்கெடுப்பே, இரத்தமும் மொழியும் ஒன்று என்று முழங்கிய அண்டை நாட்டு அரசியலுக்கு எதிரான விடையாகவும் இருந்தது. பன்மொழி நாடான இந்தியாவில் இருந்து இதை வாசிப்போருக்கு இந்த வாதம் புதியதன்று. ஒருமொழிச் சூழலில் வளர்ந்த ஓர் இளைஞனுக்கு அது புதிய பாடம்.

இரண்டாவது, நடுநிலைமையைக் கோழைத்தனம் என எண்ணும் மனப்பான்மை. நண்பர்களைப் புதைத்துவிட்டு வந்தவன், ஒளி வீசும் கடைத்தெருவைக் கண்டு, இவர்கள் போரே காணாதவர்கள் என்று கசப்பது இயல்பு. இதற்குரிய மறுமொழி மக்கள்படை. ஆண்கள் அனைவரும் படைப்பணிக்கு உரியவர்கள். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள். தளபதி ஆன்றி கிசான் தலைமையில் மலைக்கோட்டை அரண்களில் ஆண்டுக்கணக்காகக் காவல் நின்றவர்கள். 1940 நவம்பரிலிருந்து 1944 செப்டம்பர்வரை அங்கும் இரவு விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. உணவுப் பங்கீடு போருக்குப் பின்னும் நீடித்து 1948இல்தான் முற்றிலும் நீங்கியது. புல்வெளிகளும் விளையாட்டுத் திடல்களும் உருளைக்கிழங்கு வயல்களாயிருந்தன. விருந்தினன் தட்டில் விழும் உணவு உள்ளூரார் பங்கீட்டுச் சீட்டின் மிச்சம் என்ற அறிவு அவனுடைய நடத்தையைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, இருதரப்பும் பேசத் தயங்கிய காயம். 1944 ஏப்ரல் 1 அன்று, வழி தவறிய அமெரிக்க விமானங்கள் ரைன் கரையிலுள்ள ஷாஃப்ஹவுசன் நகரின்மீது குண்டு வீசின. 40 பேர் மாண்டனர். 1945 பிப்ரவரியில் ஸ்டைன் ஆம் ரைன் உள்ளிட்ட ஊர்களிலும், மார்ச் 4இல் பாசல், சூரிச் நகரங்களிலும் குண்டுகள் விழுந்தன. சூரிச் தாக்குதல் தொடர்பாக இங்கிலாந்தில் 1945 ஜூனில் நடந்த இராணுவ விசாரணைக்குத் தலைமை வகித்தவர், திரைப்பட நடிகராகவும் விமானப்படைக் கர்னலாகவும் இருந்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட். குற்றம் சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். இழப்பீடாக 6 கோடியே 20 லட்சம் பிராங்குக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு உடன்பாடு ஏற்பட்டது 1949இல். அதாவது, விடுப்பு வீரர்களின் இரயில் பாசல் நிலையத்தை அடைந்தபோது, அந்நகரத்துத் துயரத்துக்கு ஐந்து மாதம்கூட முழுமையாக நிறைந்திருக்கவில்லை. அந்நகரத்தார் அவர்களை வரவேற்றனர் என்ற செய்தியை இந்தப் பின்னணியோடு படிக்கும்போதுதான் அதன் எடை தெரியும்.

6. மணிக்கட்டில் ஒரு நாடு

விடுப்பு வீரர் பெரிதும் விரும்பிய பொருள் கைக்கடிகாரம். இவ்விருப்பத்துக்குக் காரணங்கள் பல. கைக்கடிகாரத்தை ஆண்களின் அணியாக நிலைநிறுத்தியதே முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள்தான். இரண்டாம் போர் அதைத் தொழிற்கருவியாக்கியது. எல்ஜின், வால்தம், புலோவா ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் படைக்கெனக் கடிகாரங்களைச் செய்தன; ஹாமில்டன் கப்பல்களுக்கான துல்லியக் காலமானிகளைச் செய்தது. ஆனால் படை வழங்கிய கடிகாரம் அரசின் சொத்து. உள்நாட்டு ஆலைகள் போர் உற்பத்தியில் மூழ்கியதால் பொதுமக்கள் சந்தைக்கு வந்த கடிகாரங்களில் பெரும்பங்கு சுவிஸ் இறக்குமதியே. 1936ஆம் ஆண்டு வணிக உடன்பாடு அதற்கான சுங்க வாயிலை முன்பே அகலத் திறந்திருந்தது. ஆகவே சுவிஸ் கடிகாரம் என்ற பெயர் அவ்வீரனுக்குப் புதிதன்று. அதை அது பிறந்த நாட்டிலேயே வாங்குவது என்பதே புதிது.

வாங்குவோன் அறிந்திருக்க வேண்டிய நுட்பங்கள் உண்டு. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு கடிகாரங்களின் உள்ளே அடிப்படை வேறுபாடு இருக்கலாம். உயர்தரக் கடிகாரத்தின் நங்கூர வடிவ நெம்புகோலில் மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தின் பற்கள் கல்லில் உரசுவதால் தேய்மானம் குறைவு. ஜார்ஜ் ஃபிரெடெரிக் ரோஸ்கோப் 1867இல் எளிய மக்களுக்கென அறிமுகப்படுத்திய மலிவு வகையில் கற்களுக்குப் பதில் எஃகு ஊசிகள் இருக்கும். டயலில் பொறித்த 15 ஜூவல், 17 ஜூவல் என்ற எண், உராயும் இடங்களில் எத்தனை கற்கள் என்பதைச் சொல்வது. 17க்கு மேல் போனால் அமெரிக்கச் சுங்க விதியில் வரி 10.75 டாலராக உயர்ந்துவிடும் என்பதால், அச்சந்தைக்கு வந்த கடிகாரங்கள் பெரும்பாலும் 17லேயே நின்றன. தரத்தின் எல்லையாக மக்கள் எண்ணிய எண், உண்மையில் சுங்க அட்டவணையின் எல்லை. அதிர்ச்சி தாங்கும் இன்காப்ளாக் அமைப்பு, காந்தத்தால் பாதிப்புறாத சுருள்வில், நீர் புகாத உறை, இருளில் ஒளிரும் ரேடியப் பூச்சுள்ள முள் ஆகியவை அக்காலத்தில் விலையை உயர்த்திய சிறப்புகள்.

ஆனால் அவன் பையில் பணத்துக்கு வரம்பு இருந்தது. அமெரிக்கா 1941 ஜூன் மாதம் சுவிஸ் நாட்டின் சொத்துகளைத் தன்னிடம் முடக்கி வைத்ததால், டாலரை வாங்கிக் குவித்துப் பயனில்லை என்ற நிலை சுவிஸ் தேசிய வங்கிக்கு. ஆகவே ஒரு வீரன் எத்தனை டாலரைப் பிராங்காக மாற்றலாம் என்பது கட்டுப்படுத்தப்பட்டது. கடைக்கண்ணாடிக்கு அப்பால் மின்னும் கடிகாரங்களுக்கும் வீரனுக்கும் இடையில் இரு அரசுகளின் நிதித் தகராறு நின்றது.

கட்டுப்பாட்டுக்கு இன்னொரு நியாயமும் அதே கோடையில் பெர்லினில் உருவாகிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஊதியம் பெறாதிருந்த சோவியத் வீரர்களுக்கு அது ஆக்கிரமிப்பு மார்க் தாள்களாக மொத்தமாக வழங்கப்பட்டது. அத்தாள்களை அச்சிடும் தகடுகளை அமெரிக்காவே 1944இல் சோவியத் ஒன்றியத்துக்குத் தந்திருந்தது. வீட்டுக்கு எடுத்துச்செல்லத் தக்க சிறிய, விலையுயர்ந்த பொருளாக அவர்கள் கண்டது கைக்கடிகாரம். நூற்றுக்கணக்கான டாலருக்கு ஈடான மார்க்குகள் ஒரு சாதாரணக் கடிகாரத்துக்குக் கைமாறின. 10 மார்க்குக்கு 1 டாலர் என்ற விகிதத்தில் அமெரிக்க வீரர் அவற்றை மாற்றித் தாயகத்துக்கு அனுப்பினர். அனுப்பிய தொகை அவர்கள் பெற்ற ஊதியத்தையே மிஞ்சியது. 1945 நவம்பரில் ஒவ்வொரு வீரனின் வரவு செலவையும் பதியும் ஏடு கட்டாயமாக்கப்பட்ட பிறகே இது தணிந்தது. ஆகவே கடிகாரம் வாங்கும் வீரன் நினைவுப் பொருள் வாங்குகிறானா, சரக்கு வாங்குகிறானா என்ற ஐயம் அதிகாரிகளுக்கு எழ இடமிருந்தது.

நிலவியல் முரண் ஒன்றும் இங்கே உண்டு. சுற்றுலாவின் சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸ் மலையும் ஏரிக்கரைகளும். கடிகாரத்தின் சுவிட்சர்லாந்து, லா ஷோ-டெ-ஃபோன், லெ லோக்லெ, பியெல் போன்ற ஊர்களைக் கொண்ட ஜூரா மலைத்தொடர். நீண்ட பனிக்காலத்தில் வீட்டுச் சன்னலோரம் அமர்ந்து வேலை செய்த கைவினை மரபு தொழிற்சாலையாக வளர்ந்த இடம் அது. லூசெர்ன் கடையில் கடிகாரம் வாங்கியவன் அதைச் செய்த கைகளை அரிதாகவே கண்டிருப்பான். ஷாஃப்ஹவுசன் நகரின் புகழ்பெற்ற கடிகார ஆலையை 1868இல் நிறுவியவர் பாஸ்டனிலிருந்து வந்த அமெரிக்கரான ஃபுளோரன்டைன் அரியோஸ்டோ ஜோன்ஸ் என்பதும், பிரிட்டிஷ் படைக்கு 1945இல் கைக்கடிகாரம் வழங்கிய 12 சுவிஸ் நிறுவனங்களுள் அதுவும் ஒன்று என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. அமெரிக்கர் ஆலை அமைத்த நகரம். அமெரிக்கர் தவறிக் குண்டு வீசிய நகரம். நேசப் படைக்குக் காலம் காட்டிய நகரம்.

7. சுற்றுலாத் தாளில் இடம்பெறாதவை

விடுமுறைக்கு அழைக்கும் தாள் எதுவும் நாட்டின் முழு வரலாற்றைச் சொல்வதில்லை. ஆயினும் அந்த ஏழு நாள் இன்பத்துக்கு இணையாக நடந்தவற்றை வரலாற்று வாசகர் மறக்கலாகாது. 1938இல் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் தனி எழுத்து முத்திரை இடுவதற்கு வழிவகுத்த பேச்சில் சுவிஸ் அதிகாரிகளுக்குப் பங்கு உண்டு. 1942 ஆகஸ்டில் எல்லைகள் இறுக்கப்பட்டு அகதிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஜெர்மானிய மைய வங்கியிடமிருந்து, கொள்ளையிடப்பட்டதும் அடங்கிய தங்கம் வாங்கப்பட்டது. 1946 மே 25இல் வாஷிங்டனில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி சுவிட்சர்லாந்து 25 கோடி பிராங்கைத் தங்கமாகத் தர இசைந்தது. முடக்கப்பட்ட அதன் சொத்துகளை அமெரிக்கா விடுவிக்க ஒப்பியது. இவற்றை முழுமையாக ஆராய 1996இல் அமைக்கப்பட்ட பெர்ஜியே ஆணையம் 2002இல் தன் இறுதி அறிக்கையை அளித்தது.

அதே எல்லை 1942இல் ஒரு குடும்பத்துக்கு மூடியது, 1944இல் ஓர் இந்தியக் கைதிக்குத் திறந்தது, 1945இல் கட்டணம் செலுத்திய ஒரு வீரனுக்கு மாலையோடு திறந்தது. ஒரு நாட்டின் விருந்தோம்பலை அளவிட, யாருக்குத் திறந்தது என்ற கேள்வியோடு எப்போது திறந்தது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

8. வாசிப்பு முறை குறித்து

கையேடு நடத்தையை விதிப்பது, நடந்ததை அறிவிப்பதன்று. பெருமையடிக்காதே என்ற வரியிலிருந்து வீரர்கள் பணிவோடு நடந்தனர் என்று முடிவு செய்வது பிழை. பெருமையடிப்பர் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு இருந்தது என்பதே அவ்வரி தரும் சான்று. தடைகளின் பட்டியல் அச்சங்களின் பட்டியல்; புகழுரைகளின் பட்டியல் ஆசைகளின் பட்டியல். இரண்டையும் வங்கிக் கணக்கு, சுங்க அட்டவணை, நீதிமன்றப் பதிவு, கடிதம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் வரலாறு உருவாகும். காலனிய இந்தியாவில் வெள்ளை அதிகாரிகளுக்கென எழுதப்பட்ட கையேடுகளையும், வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இன்றைய தொழிலாளருக்கான அறிவுரைத் தாள்களையும் வாசிக்க இம்முறை பயன்படும்.

விடுப்புப் பயணத்தின் பின்விளைவு இனியதாக மட்டும் அமையவில்லை. சுவிஸ் கடிகாரங்கள் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன. உள்நாட்டு ஆலைகள் முறையிட்டன. 1954 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கடிகாரங்களின் மீதான சுங்க வரியை உயர்த்தினார். 1945 கோடையில் சுவிட்சர்லாந்துக்கு விடுப்பில் சென்ற வீரர்கள் பணியாற்றிய படைகளின் தலைமைத் தளபதியும் அவரே. மணிக்கட்டில் அக்கடிகாரத்தோடு ஊர் திரும்பியவர்களுக்கோ, அது காட்டியது மணியை மட்டுமன்று. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வேற்று நாட்டு எல்லையைக் கடக்க முடியும் என்று அவர்கள் கண்ட அந்த ஒரு வாரத்தையும் அது காட்டிக்கொண்டிருந்தது.